கனகராயரின் இலவசப் பல்லக்கு

கொன்றைமாநகரில் ஒரு காலத்தில் யாருமே நடக்கவில்லை. கத்தரிக்காய் வாங்கப் போகிறவன்கூடப் பல்லக்கில்தான் போனான்! எல்லாம் கனகராயர் என்ற வணிகர் செய்த ஏற்பாடு. தெருவுக்குத் தெரு பல்லக்கு, பட்டுத்திரை, தூக்குவதற்கு நான்கு ஆட்கள். கூலி? ஒரு காசு கிடையாது. ஊரே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது.

அரசவை விகடகவி சாரங்கன் மட்டும் தன் லொடலொட மாட்டுவண்டியில் வந்துகொண்டிருந்தான். அவனும் முதலில் பல்லக்கில் போனவன்தான். ஒருநாள் திரைக்குள்ளே அவன் மனைவி மரகதம் காதோடு காதாக, "எனக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தரக்கூடாதா?" என்றாள். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூக்குத்தி வியாபாரிகள் நிற்கிறார்கள்! மரகதத்துக்கு வாயெல்லாம் பல். சாரங்கனோ, 'திரைக்குள் பேசியது இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?' என்று யோசித்தான்.

மெல்ல விசாரித்தான். பல்லக்குத் தூக்கிகளுக்குச் சாப்பாடு கனகராயர் வீட்டில். திரைக்குள் கேட்ட பேச்சைக் கொண்டுவந்து ஒப்பித்தவனுக்கு நெய்ச்சோறு. வெறும் வாயோடு வந்தவனுக்குக் கூழ். அந்தப் பேச்சை அவர் கடைக்காரர்களுக்கு விற்றுக் கொழுத்துக்கொண்டிருந்தார். "அடப்பாவி மனுஷா!" என்று சாரங்கன் அன்றைக்கே வண்டிக்கு மாறிவிட்டான். வண்டி ஆமை வேகம்தான். இடுப்பைக் கழற்றி எடுக்கும். ஆனால் மாடு யாரிடமும் போய்ச் சொல்லாது.

வண்டியில் வருவதால் தினமும் சபைக்குத் தாமதம். கனகராயர் இதுதான் சமயமென்று பற்றவைத்தார்.

"அரசே, ஊரே என் பல்லக்கில் வருகிறது. இவருக்கு மட்டும் என்ன? மறைக்க ஒன்றும் இல்லாதவருக்குப் பயம் எதற்கு?"

அரசர் செங்கோடவர்மர் நல்லவர்தான். என்ன, யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

"சாரங்கா! நாளையிலிருந்து பல்லக்கில் வா. இல்லாவிட்டால் சபைக்கே வராதே!"

சாரங்கனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வேலையை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்பு ஏது? சபை கலைந்ததும் அரசரைத் தனியே பிடித்துக்கொண்டான்.

"அரசே, அந்தத் திரைக்குள் பேசுவதெல்லாம் வெளியே போகிறது."

"உளறாதே. நானே தினமும் அதில்தான் போகிறேன்."

"அதுதான் எனக்குக் கவலையே! ஒரு சோதனை வைப்போம். நீங்களே ஒரு பொய் சொல்லிக் கொடுங்கள். பல்லக்கில் தனியாக உட்கார்ந்து அதைச் சொல்கிறேன். வெளியே வராவிட்டால் நான் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுகிறேன்."

அரசருக்குக் குறும்பு தலைக்கேறியது. "அப்படியா? அரசர் தலை முழுக்கப் பேன் என்று சொல்லு, போ!"

"ஐயையோ! வேறு ஏதாவது சொல்லுங்கள் அரசே."

"ஏன், இப்போதே நடுங்குகிறதா? நான் சொன்னால் சொன்னதுதான்."

அன்று சாயங்காலம் சாரங்கன் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துவிட்டான். "ஐயோ பாவம் நம் அரசர்! தலை முழுக்கப் பேனாமே! கிரீடத்தை வைத்துக்கொண்டு எப்படிச் சொறிவார்?" என்று வீடு வரைக்கும் தனக்குத்தானே புலம்பினான். முன்னால் தூக்கியவன் பின்னால் தூக்கியவனைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள் அரண்மனை வாசலில் திருவிழாக் கூட்டம். பேன்சீப்பு விற்கிறவர்கள், வேப்பெண்ணெய்க்காரர்கள், கத்தியைத் தீட்டிக்கொண்டு இரண்டு நாவிதர்கள். மந்திரி ஆசனத்தை மெல்லத் தள்ளிப் போட்டுக்கொண்டார். அரசியோ, தலைவலி என்று அந்தப்புரத்தைத் தாழிட்டுக்கொண்டாள். எல்லோரும் தன் தலையையே பார்க்கப் பார்க்க அரசருக்கு உண்மையிலேயே அரிக்க ஆரம்பித்துவிட்டது!

அந்த நேரம் பார்த்துக் கனகராயர் பல்லை இளித்துக்கொண்டு வந்தார். கையில் தந்தத்தில் செய்த பேன்சீப்பு.

"அரசே, என் சின்னக் காணிக்கை..."

"எனக்குப் பேன் என்று உமக்கு யார் சொன்னது?" அரசரின் கர்ஜனையில் தூண்கள் அதிர்ந்தன.

"இதோ நிற்கிறாரே சாரங்கர், இவர்தான்! நேற்றுப் பல்லக்கில் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே போனாராம்!"

"பல்லக்கில் நான் மட்டும்தானே இருந்தேன் கனகராயரே?" என்றான் சாரங்கன். "திரைகூடப் போட்டிருந்ததே!"

கனகராயர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனாலும் லேசுப்பட்ட ஆளா? "எல்லாம் ஊர் நன்மைக்குத்தான் அரசே! யாருக்கு எது வேண்டுமென்று தெரிந்தால்தானே கொண்டுவந்து கொடுக்க முடியும்? மறைக்க ஒன்றும் இல்லாதவருக்கு இதில் என்ன நஷ்டம்?"

அரசர் தலையைச் சொறிந்தபடி யோசித்தார். ஐயோ, மறுபடியும் சாய்கிறாரே! சாரங்கன் சட்டென்று முன்னே வந்தான்.

"ரொம்ப நியாயம் அரசே. ஆனால் பாருங்கள், இந்த ஊரில் ஒருநாள்கூடப் பல்லக்கு ஏறாத ஒரே ஆள் இவர்தான். நடந்தால் உடம்புக்கு நல்லதாம். பாவம், இன்றைக்கு வெயில் கொளுத்துகிறது. தன் கணக்கப்பிள்ளையோடு பேசிக்கொண்டே பல்லக்கில் வீட்டுக்குப் போகட்டும். தூக்கிகளுக்கு மட்டும் இனிமேல் அரண்மனையில் சாப்பாடு போடுங்கள்."

"என்ன சாப்பாடு?"

"நெய்ச்சோறு!"

கனகராயர் முகத்தில் ஈயாடவில்லை. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"சாரங்கா, இனி நீ எப்போது வேண்டுமானாலும் வா. எதில் வேண்டுமானாலும் வா. நாளைக்கு எனக்கும் ஒரு மாட்டுவண்டி பார்!" என்று தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "கனகராயரே, உம் பல்லக்கு வாசலில் காத்திருக்கிறது. ஏறும்."

கனகராயர் வாசலுக்கு வந்தார். பல்லக்கைப் பார்த்தார். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு நின்ற தூக்கிகளைப் பார்த்தார். அவ்வளவுதான், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொதிக்கும் தெருவில் ஓட்டமும் நடையுமாய்க் கிளம்பிவிட்டார்.

"ஓய் கனகராயரே! ஏன் ஓடுகிறீர்? பல்லக்கு சும்மாதானே?" என்று கத்தினான் சாரங்கன்.

திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது:

"சும்மாதானய்யா! அதனால்தான் வேண்டாம் என்கிறேன்!"