ஏழு நாள் கூழ் பர்கர்

கடவுள் புத்தியைப் பங்கு போட்டுக் கொடுத்த அன்றைக்கு, வரிசையில் நிற்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த மூன்று பேர், பிற்காலத்தில் வந்தவாசி பைபாஸில் ஒரே கடையில் வேலைக்குச் சேர்ந்தார்கள். கடைக்கு 'டக்கர் பர்கர்' என்று பெயர். சென்னையில் ஹெட் ஆபீஸ், ஊரெல்லாம் கிளை. இந்தக் கிளைக்கு மேனேஜர் தணிகாசலம், சமையலுக்கு ஏழுமலை, கவுன்ட்டரில் தனகோட்டி.

ஆடி பிறந்ததும் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு போஸ்டரும் கடிதமும் வந்தன. அம்மன் கோயிலில் ஊற்றுகிற கேழ்வரகுக் கூழை, ஏசி ரூமில் உட்கார்ந்து யாரோ பன்னுக்குள் ஊற்றிவிட்டார்கள். 'ஆடிக்கூழ் பர்கர்! ஏழு நாள் மட்டும்!' கடிதத்தில் இரண்டே விஷயம். படத்தில் இருக்கிறபடியே கொடுக்க வேண்டும், இம்மியும் மாறக் கூடாது. ஏழு நாளில் முந்நூறு விற்காவிட்டால் கிளையை மூடிவிடுவோம்.

தனகோட்டி கடிதத்தை இரண்டாம் தரம் படித்துப் பார்த்தாள். "கடை போச்சுன்னா நான் மறுபடியும் செங்கல் சூளைக்குத்தாண்ணே போவணும். புள்ளைய இப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேத்திருக்கேன்."

"படத்துல இருக்கற மாதிரியே செஞ்சுட்டா ஒண்ணும் ஆவாது தங்கச்சி" என்றான் ஏழுமலை.

பன்னைப் பிளந்து கூழை ஊற்றினான். அது அவன் முழங்கை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் தரையில் இறங்கியது. படத்தில் கூழ் ஒழுகவில்லை. ஆகவே கூழை ஃப்ரீஸரில் வைத்துக் கல்லாக்கினார்கள். படம் மாதிரியே அசையாமல் நின்றது.

"சார், படத்துல ஒரு ஓரம் கடிச்சிருக்கே!" என்றாள் தனகோட்டி.

மூவரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். வாஸ்தவம்தான்.

"அப்ப கடிச்சுத்தான் குடுக்கணும்" என்றார் தணிகாசலம்.

ஏழுமலை கடித்தான். அவனுக்கு முன்பல் ஒன்று கிடையாது. கடித்த இடத்தில் நடுவில் ஒரு மேடு நின்றது.

"படத்துல மேடு இல்லியேப்பா. தனகோட்டி, நீ கடி."

"அம்மனுக்குக் காப்பு கட்டியிருக்கேன் சார். கூழு கோயில்லதான் குடிப்பேன்."

தணிகாசலம் போன பங்குனியில்தான் வேலூரில் முழு செட் பல் கட்டியிருந்தார். அவர் கடித்ததும் போஸ்டரோடு வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசல். பத்தாவது பர்கரில் அவருக்கு வாய் விறைத்து, வயிறு உப்பி, கண் சொருகியது.

ஏழுமலை அவரைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்தான். "கடிக்கறது பல்லுதானே சார்? நடுவுல நீங்க எதுக்கு?"

நியாயமாகப் பட்டது. பல் செட்டைக் கழற்றி வாங்கி, ஒவ்வொரு பர்கரிலும் வைத்து அழுத்தினான்.

முதலில் வந்தவர் லாரி டிரைவர். பொட்டலத்தைப் பிரித்தார். "என்னம்மா இது? யாரோ கடிச்சிருக்காங்க!"

"யாரோ இல்லண்ணே. மேனேஜர் பல்லு. வேற பல்லு படல."

அவர் வாங்கியதை அங்கேயே வைத்துவிட்டுப் போனார். போன வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் போனார்.

ஏழாம் நாள் ஹெட் ஆபீஸ் அதிகாரி துரைராஜ் வந்தார். "எத்தனை வித்துச்சு?"

"ஒண்ணு சார்" என்றாள் தனகோட்டி. "அதையும் திருப்பிக் குடுத்துட்டாரு. ஆனா படம் மாதிரியே இருந்துச்சு."

துரைராஜ் பர்கரைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், தணிகாசலத்தின் வாயைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கிளையை மூடியாச்சு. கடைக்குள்ள இருக்கற கம்பெனிப் பொருளை ஒரு துரும்பு விடாம ஹெட் ஆபீஸுக்கு அனுப்புங்க. கடைசிப் பொருள் வந்து சேர்ற அன்னிக்கோட உங்களுக்கு வேலை இல்ல."

மறுநாள் அடுப்பு, மேசை, ஏசி, குப்பைக்கூடை எல்லாம் லாரியில் போயின. காலிக் கடையில் தனகோட்டி மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள். "இன்னும் குளுகுளுன்னு இருக்குது சார்."

தணிகாசலம் திடுக்கிட்டார். "அய்யய்யோ! கம்பெனிக் காத்து உள்ளயே நிக்குதே!"

பிளாஸ்டிக் பைகளில் காற்றைப் பிடித்து, முடிச்சுப் போட்டு, மூட்டை மூட்டையாக லாரியில் ஏற்றினார்கள்.

ஹெட் ஆபீஸில் மூட்டைகளைப் பார்த்துவிட்டு மூன்று நாள் மீட்டிங் போட்டார்கள். நம்ம ஏசி, நம்ம கரண்ட், அதனால் காற்றும் நம்முடையதுதான் என்று முடிவாயிற்று. 'மீதியையும் தாமதமின்றி அனுப்பவும்' என்று கடிதம் வந்தது. அதுவரைக்கும் மூவருக்கும் சம்பளம் உண்டு.

ஆடி போய் ஐப்பசி வந்துவிட்டது. காற்று தீர்ந்தபாடில்லை. தனகோட்டிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை.

"சார், மூட்டையை எடுக்கக் கதவைத் தொறக்கறப்பல்லாம் வெளிக்காத்து உள்ள பூந்துடுதே. அதையும் சேத்து அனுப்பினா தப்பில்லையா?"

"தப்புதாம்மா" என்றார் தணிகாசலம். "அடுத்தவங்க காத்து நமக்கு எதுக்கு? அதைத் தனியா மூட்டை கட்டி, வெளிய கொண்டுபோய் அவுத்து விட்டுட்டு வா."