கல்லுக்கடியில் போன தேள்

கல்லும் புல்லும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில் தேள்கள் பகலில்தான் உலாவின. சூரியனிடம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் உண்டு. அது சில வருஷம் ஏறும், சில வருஷம் இறங்கும். ஏறிய வருஷங்களில் திறந்த குட்டையில் கிடக்கும் தவளை முட்டைகள் கருகிப்போகும். அந்த வெளிச்சம் பட்டால் பச்சையாக மின்னுவது தேளின் முதுகு ஒன்றுதான். அதனால் கொடுக்காயி என்ற தேள் தினமும் இருண்ட பாறைப் பிளவில், ஒரு கீற்று வெயில் விழும் இடத்தில் நிற்பாள். தங்கை சின்னி மினுக்கத்தைப் பார்த்துச் சொல்ல, தவளைகள் அதைக் கேட்டு, மினுக்கம் கூடினால் நிழலிலும் குறைந்தால் திறந்த குட்டையிலும் முட்டையிடும்.

வருஷத்துக்கு வருஷம் மினுக்கம் குறைந்தது. சூரியன் அடங்கிவிட்டான் என்றாள் கொடுக்காயி. அதை நம்பித் தவளைகள் திறந்த குட்டையில் இட்ட முட்டையெல்லாம் கருகின. தவளைகளின் வாய் சும்மா இருக்குமா? கொடுக்காயியை ஊரெல்லாம் ஏசித் தீர்த்தன.

சின்னிக்கு மட்டும் சந்தேகம் வந்தது. “அடங்கினது சூரியனா, இல்ல வெயில் தின்னு தின்னு உன் முதுகு மங்கிப்போச்சாக்கா?”

அதை அறிய வெயில் படாத முதுகு ஒன்று வேண்டும். அப்போதுதான் பழைய தோலை உரித்திருந்த சின்னியே ஒரு கல்லுக்கடியில் போனாள். வருஷா வருஷம் மழைக்காலம் தொடங்கும்போது மட்டும் ஒரு கணம் வந்து அக்காவின் பக்கத்தில் நிற்பதாகப் பேச்சு. நடுவில் யாரும் கல்லைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

மழை வந்தது. பிளவில் இருவரும் நின்றார்கள். அக்காவின் முதுகு மங்கலாக இருந்தது, சின்னியின் முதுகு பளீரென்று எரிந்தது. சூரியன் அடங்கவே இல்லை, ஏறியிருந்தான். தவளைகள் நிழலில் முட்டையிட்டன, குட்டை நிறையத் தலைப்பிரட்டைகள். அந்தக் கும்மாளத்தை, மறுபடி கல்லுக்கடியில் போய்விட்ட சின்னி இருட்டில் கிடந்து கேட்டாள். அவளைத் தேடி யாரும் வரவில்லை. அழுகையாக வந்தது.

கோடையில் ஒருநாள் கல் நகர்ந்தது. வெயில் உள்ளே பாய்ந்தது. முதுகு கெட்டால் எல்லாம் போச்சே என்ற பதற்றத்தில், யாரென்று பாராமல் கொட்டிவிட்டாள்.

“நான்தாண்டி. தனியாக் கிடக்கிறியேன்னு வந்தேன்” என்றாள் கொடுக்காயி. வெளிச்சம் புகாதபடி கல்லைப் பழையபடி மூடிவிட்டுப் போனாள்.

அடுத்த மழைக்குச் சின்னி பிளவில் காத்திருந்தாள். அக்கா வரவில்லை. சின்னி திரும்பவும் கல்லுக்கடியிலேயே போனாள். என்றாவது அக்கா வந்து நின்றால், பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கெடாத முதுகு ஒன்று வேண்டுமே.

அன்று முதல்தான் தேள் கல்லுக்கடியில் தனியாகக் கிடக்கிறது. கல்லைப் புரட்டுவது யாரென்று பாராமல் கொட்டிவிட்டு, அதன் பிறகுதான் பார்க்கிறது.