புறப்பட்ட சாமி நிலைக்கு வர வேண்டாமா?

ஒரு காட்டில் இரண்டு வருடமாக மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளம் வற்றித் தரை பாளம் பாளமாக வெடித்துவிட்டது. நடுக்குளத்தில் உருண்டையாக ஒரு கல் தெரிந்தது.

அது கல் இல்லை, பிள்ளைகளே. சேற்றுக்குள் தூங்கிய ஆமையின் முதுகு. அதைச் சொல்ல நான் அங்கே இல்லாமல் போய்விட்டேன். கரடிதான் இருந்தது. கரடிக்குப் பெரிய மனுஷத்தனம் கொஞ்சம் அதிகம்.

"பார்த்தீர்களா, சாமி தானாக முளைத்திருக்கிறது," என்றது கரடி. அன்றைக்கே தன்னைப் பூசாரியாகவும் வைத்துக்கொண்டது.

அதுமுதல் எதற்கெடுத்தாலும் பூக் கேட்பதுதான். கல்லின் உச்சியில் ஒரு எருக்கம்பூவை வைப்பார்கள். வலது பக்கம் விழுந்தால் ஆகட்டும், இடது பக்கம் விழுந்தால் ஆகாது. கிழங்கு தோண்டலாமா என்று கேட்ட காட்டுப் பன்றிக்கு இடது பக்கம் விழுந்தது. பாவம், கிழங்கின் மேலேயே உட்கார்ந்து மூன்று நாள் பட்டினி கிடந்தது.

முயலம்மாளுக்கு மூன்று குட்டிகள். தண்ணீர் இல்லாமல் மூன்றும் துவண்டு கிடந்தன. அவள் பயந்த சுபாவம். தனியாகப் புதர் தாண்டமாட்டாள். கல்லின் முன்னால் விழுந்து, "சாமி, தண்ணீர் எங்கே இருக்கிறது? என் பிள்ளைகள் செத்துப்போகும்," என்று அழுதாள்.

கல்லுக்குள்ளிருந்து ஒரு தலை வந்தது.

"வடக்கே தெரிகிற மொட்டைக் குன்று, அந்தக் கரட்டுக்குப் பின்னால் ஒரு சுனை இருக்கிறதம்மா. எந்தக் கோடையிலும் வற்றாது. நானும் அங்கேதான் கிளம்புகிறேன். முதலில் இந்தப் பூவை எடு, தும்மல் வருகிறது," என்றது ஆமை.

"பூசாரியாரே, சாமி வடக்கே போகச் சொல்கிறது," என்றாள் முயலம்மாள்.

கரடி முகத்தைச் சுளித்தது. "சாமி வாய் திறந்து பேசுமென்றால் பூ எதற்கு? உனக்குக் காது நீளம். வேண்டாததெல்லாம் விழும்."

"ஐயா, நான் சாமியே இல்லை. ஆமை," என்றது ஆமை.

"என்ன அடக்கம் பாருங்கள்," என்று கரடி கன்னத்தில் போட்டுக்கொண்டது.

ஆமை பேச்சை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தது. கல் நடக்கிறதென்றால் சும்மாவா? "சாமி புறப்பாடு!" என்று காடே திரண்டது. மரங்கொத்தி பட்டுப்போன மரத்தில் மேளம் கொட்டியது. மயில் முன்னால் ஆடியது. இரண்டு நாள் நடந்து எல்லாரும் கரட்டு உச்சிக்கு வந்தார்கள். அந்தப் பக்கத்துக் காற்றில் ஈர வாடை வீசியது.

அங்கே கரடி கையை உயர்த்தியது. "புறப்பாடு நல்லபடியாக முடிந்தது. சாமி நிலைக்குத் திரும்பட்டும்." ஆமையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, பழைய குளத்துக்கே கொண்டுவந்து பழைய குழியிலேயே உட்கார வைத்தது.

ஆமை மறுபடி நடந்தது. மறுபடி மேளம், மறுபடி நிலை. மூன்று தடவை இப்படி. கதை சொல்கிற எனக்கே ஆத்திரம் வருகிறது என்றால் அந்த ஆமைக்கு எப்படி இருந்திருக்கும்?

நாலாவது புறப்பாட்டில் முயலம்மாள் குட்டிகளைப் பன்றியின் முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தாள். கடைக்குட்டி கண்ணே திறக்கவில்லை. இன்னொரு தடவை திரும்பினால் அது பிழைக்காது என்று பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

கரட்டு உச்சியில் கரடி கையை உயர்த்தியதும் அவள் குறுக்கே வந்து நின்றாள்.

"பூசாரியாரே, எல்லாவற்றுக்கும் பூக் கேட்டோம். சாமிக்கு நிலை எது என்று கேட்டோமா?"

கூட்டம் கசமுசவென்றது. கரடிக்கு மறுக்க வழியில்லை. ஆமையின் முதுகில் ஒரு எருக்கம்பூவை வைத்து, "சாமிக்கு நிலை இந்தக் கரட்டுக்கு அந்தப் பக்கம்தானா?" என்று கேட்டது.

இத்தனை நாளும் வாயால் சொல்லிப் பார்த்த ஆமை, இப்போது காலால் சொன்னது. இடது பக்கக் கால்களை ஊன்றி உடம்பை மெல்லத் தூக்கியது. பூ வலது பக்கம் விழுந்தது.

"உத்தரவாகிவிட்டது," என்றது கரடி. அத்தனை பேரும் கரட்டில் இறங்கி ஓடினார்கள்.

சுனை நிறையத் தண்ணீர். மூச்சு முட்டக் குடித்தார்கள். ஆமை தொபுக்கென்று உள்ளே விழுந்து மறைந்தது.

"சாமி கரைந்துவிட்டது," என்று கரடி கண்ணைத் துடைத்துக்கொண்டது. துடைத்த கையோடு கரையில் கிடந்த ஒரு கல்லை நிமிர்த்தி வைத்து, அதன் மேல் பூவும் வைத்தது. "சாமி, இந்தத் தண்ணீரைக் குடிக்கலாமா?"

பூ இடது பக்கம் விழுந்தது.

வாயில் தண்ணீர் சொட்டச் சொட்ட எல்லாரும் நாலடி பின்னால் நகர்ந்தார்கள். பன்றி வாயில் இருந்ததைத் துப்பிவிட்டது.

ஆமை தலையை வெளியே நீட்டியது. "அது நிஜமாகவே கல்," என்று சொல்லிவிட்டு முங்கிக்கொண்டது. யாரும் காதில் வாங்கவில்லை.

முயலம்மாள் மட்டும் நகரவில்லை. கடைக்குட்டி அப்போதுதான் கண் திறந்திருந்தது.

"அம்மா, குடிக்கக் கூடாதாமே?" என்றது அது.

"நல்லாக் குனிஞ்சு குடி, கண்ணு. காது தண்ணிக்குள்ள போயிட்டா ஒண்ணும் கேக்காது," என்றாள் முயலம்மாள்.

நீதி: கும்பிட்ட கையோடு நின்றுவிடாதே, சாமி சொன்னதையும் கொஞ்சம் கேள்.