பாட்டிலை அடைகாத்த கோழி

"எனக்கு எப்பம்மா தாய்மாவு தருவீங்க?" என்று கேட்டார் தாமோதரன்.

தெய்வானை கூட்டுக்குள் கைவிட்டு ஒரு சிவப்புக் கோழியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

கோழி அவருடைய கட்டைவிரலைக் கொத்தியது.

"அடைக்கு வந்திருக்கு. பாத்துக்கங்க, வாத்தியாரே," என்றார் தெய்வானை. ரொட்டி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

*

மலைமேல், காப்பித் தோட்டங்களைத் தாண்டி இருந்தது அந்த வீடு.

தெய்வானைக்கு நாற்பது வயது. வருகிறவர்களுக்கு ரொட்டி சுடவும் கோழி வளர்க்கவும் கற்றுக்கொடுப்பார். தாமோதரனுக்கு அறுபது. கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர்.

அங்கே ஒவ்வொரு நாளும் மாவு பிசைந்ததும் ஒரு கைப்பிடியை எடுத்து ஜாடியில் வைப்பார்கள். அதுதான் மறுநாள் மாவைப் பொங்கவைக்கும். மறுநாள் மாவிலிருந்து இன்னொரு கைப்பிடி. அதற்குத் தாய்மாவு என்று பெயர். பதினெட்டு வருடமாக அந்த ஜாடி காலியானதில்லை.

கற்றுக்கொண்டு போகிறவர்கள் அதில் ஒரு பங்கை எடுத்துப்போகலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கோழியை அடைவைத்துக் குஞ்சைக் காட்டவேண்டும்.

"ரொட்டிக்கும் கோழிக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று வந்த அன்றைக்கே கேட்டார் தாமோதரன்.

"எனக்கும் சரியா தெரியல," என்றார் தெய்வானை.

*

தாமோதரன் வைத்த முதல் கோழி பத்தாம் நாளே எழுந்து போய்விட்டது.

மணிக்கு ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்தார். அடிவயிற்றில் வெப்பமானி வைத்தார். நோட்டில் எழுதினார். முட்டைகளை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார்.

"சார், அது பாவம் சார்," என்றாள் ரெஜினா. தூத்துக்குடிக்காரி, அவருக்குப் பிறகு கற்றுக்கொள்ள வந்தவள். "ஒங்கள எவனாச்சும் மணிக்கொரு தரம் தூக்கிப் பாத்தா நீங்க உக்காருவீயளா?"

அவருக்குப் பின்னால் வந்த இரண்டு பேர் தாய்மாவு வாங்கிக்கொண்டு இறங்கிப் போனார்கள். ரெஜினாவின் கோழியும் பதினொரு குஞ்சு பொரித்துவிட்டது. அவள் இந்த மாதக் கடைசியில் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் மனைவி கேட்டாள். "மாவு குடுத்தாங்களா?"

"இன்னும் இல்ல."

"நாப்பது வருஷமா வீட்டுல மாவு பொங்கிட்டுதான் இருக்கு. ஒரு நாள் என்னைக் கேட்டிருக்கலாம்."

வீட்டில் மாவு எப்படிப் பொங்குகிறது என்று அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை. அதற்காகத்தான் இத்தனை தூரம் ஏறி வந்திருந்தார். அதை அவளிடம் சொல்லாமலே போனை வைத்தார்.

*

சிவப்புக் கோழிக்கு ஒரு பழைய கூடை. அடியில் மணல், அதன்மேல் வைக்கோல், ஓரத்தில் இடிக்குக் காப்பாக ஒரு கரித்துண்டு. ஒற்றைப்படையில் வைக்கவேண்டும் என்றார் தெய்வானை. ஒன்பது முட்டை வைத்தார்கள்.

தாமோதரன் பென்சிலால் முட்டைகளில் ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டார்.

"நம்பர் போட்டா சீக்கிரம் பொரிக்குமா சார்?" என்றாள் ரெஜினா.

"ஒரு அடையாளத்துக்கு."

"அதுக்கு வாசிக்கத் தெரியாதே."

இந்தத் தடவை அவர் கோழியைத் தூக்கவில்லை. வெப்பமானியைப் பெட்டியில் பூட்டிவைத்தார். நோட்டையும் திறக்கவில்லை.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள், மாவு பிசைந்த தாம்பாளத்தைக் கழுவக் கொடுத்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் மாவு ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டி ஓர் ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வேட்டி மடிப்பில் மறைத்து, தன் அறைக்குக் கொண்டுபோனார்.

கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்துக் கலக்கினார். காத்திருந்தார்.

மாவு அசையவில்லை.

தெய்வானையின் ஜாடி ரொட்டி அடுப்பை ஒட்டிய சுவரில், கதகதப்பில் இருந்தது. ஒளித்துவைத்த பாட்டிலை அங்கே வைக்க முடியுமா? அறையிலோ பல் கிட்டும் குளிர். நான்கு நாள் போனது. மேலே இரண்டு குமிழ், அவ்வளவுதான்.

கோழியின் அடிவயிற்றுச் சூடு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். முதல் கோழியில் அளந்திருந்தார்.

பதினேழாம் நாள் பாட்டிலின் மூடியை இறுக்கி, பென்சில் எழுதாததால் மார்க்கர் பேனாவால் "10" என்று எழுதி, கூடைக்குள் வைத்தார்.

கோழி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அலகால் பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து, அடியில் தள்ளிக்கொண்டது.

மாலையில் எடுத்துப் பார்த்தார். மாவு பாதி பாட்டிலுக்கு ஏறியிருந்தது.

தாமோதரன் தனியாக நின்று சிரித்தார். இன்னும் கொஞ்சம் மாவும் தண்ணீரும் சேர்த்து, மூடியை இறுக்கி, மறுபடி கோழியின் அடியில் வைத்தார்.

*

இருபதாம் நாள் காலையில் கூட்டிலிருந்து "டப்" என்று ஒரு சத்தம் வந்தது.

அவர் ஓடினார். மூடி ஒரு மூலையில் கிடந்தது. மாவு பொங்கிக் கூடையெல்லாம் வழிந்திருந்தது. முட்டைகள்மேல் மாவு. கோழியின் நெஞ்சு, வயிறு, இறகெல்லாம் மாவு. கோழி கூடைக்கு வெளியே நின்று காலை உதறி உதறிக் கத்திக்கொண்டிருந்தது.

அவர் முட்டையைத் தொட்டார். ஆறத் தொடங்கியிருந்தது.

ஒளிப்பதற்கு ஒரு நிமிடம் இருந்தது. அவர் ஒளிக்கவில்லை.

"அம்மா!" என்று கத்தினார். "கெடுத்துட்டேம்மா!"

தெய்வானை வந்தார். கூடையைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். அதிலிருந்த எண்ணைப் படித்தார்.

"பத்தா?"

"தாம்பாளத்துல ஒட்டினதச் சுரண்டி எடுத்தேன். உங்களைக் கேக்காம எடுத்தேன். குளிர்ல பொங்கல. அதான்..."

தெய்வானை பாட்டிலை முகர்ந்தார். "நல்லாத்தான் புளிச்சிருக்கு," என்றார்.

பிறகு வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முட்டைகளில் இருந்த மாவைத் துடைத்தார். ஒன்பதையும் தாமோதரனின் சால்வைக்குள் வரிசையாக வைத்து, அவர் வயிற்றோடு சேர்த்துக் கட்டினார். மேலே ஒரு கம்பளியைச் சுற்றினார்.

"சுவத்துல சாஞ்சு உக்காருங்க. குனியாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"கோழிய நான் கழுவணும்."

தாமோதரன் பதறி எழப்பார்த்தார். "தண்ணி பட்டா அடை கலைஞ்சிடுமே! அடை தெளிய வைக்கணும்னா தண்ணியில முக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்ப கழுவாம விட்டுடலாமே?"

"மாவு காஞ்சா இறகு பலகையாயிடும். அப்புறம் அது எப்படி உக்காரும்?" என்றார் தெய்வானை. "வெதுவெதுன்னு கழுவி அடுப்போரம் காயவச்சுப் பாக்கறேன். உக்காந்தா உக்காரும்."

போகும் முன் பாட்டிலை எடுத்தார். அடியில் ஒரு விரல் மாவு மிச்சமிருந்தது. அதில் ஒரு கை கோதுமை மாவைப் போட்டார், கொஞ்சம் தண்ணீர் ஊற்றினார், ஒரு குச்சியால் கலக்கினார். மூடியை மேலே சும்மா வைத்து, கூட்டுக்கு வெளியே இருந்த கல்மேல் வைத்தார்.

"அங்க குளிருமே," என்றார் தாமோதரன்.

"குளிரட்டும்."

*

அவர் உட்கார்ந்தார்.

கையை நீட்டி நோட்டை எடுக்க முடியாது. எழுந்து போய்ப் பாட்டிலைப் பார்க்க முடியாது. கம்பளியைத் திறந்தால் சூடு போய்விடும்.

ரெஜினா எட்டிப் பார்த்தாள். "சார், கொஞ்சம் கம்பு போடட்டா?"

"போ பிள்ளே."

"கோவிச்சுக்கிடாதீய. கொத்திறாதீய."

தெய்வானை அடுப்போரம் உட்கார்ந்து, ஈரக் கோழியை மடியில் வைத்துத் துவட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்கு இருபது ரொட்டியையும் ரெஜினாதான் உள்ளறையில் ஒற்றை ஆளாகப் பிசைந்தாள். ஜாடியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கத்தியது கூடுவரைக்கும் கேட்டது.

"அக்கா! தாய்மாவு எம்புட்டுப் போடணும்?"

"இருக்கறதப் போடு!"

பத்து மணிக்குத் தாமோதரனுக்கு முதுகு வலித்தது. பதினொன்றுக்குக் கால் மரத்தது. பன்னிரண்டுக்குத் தெய்வானை கஞ்சி கொண்டுவந்தபோது மெதுவாகக் கேட்டார்.

"ஒரு தடவை வெளிய போயிட்டு வந்துடட்டுமா?"

"கோழி ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் எந்திரிக்கும்," என்றார் தெய்வானை. "அந்த ஒரு தடவை இப்பவே வேணுமான்னு யோசிச்சுக்கங்க."

அவர் யோசித்தார். "சாயங்காலம் போறேன்," என்றார்.

மத்தியானம் வெயில் கூட்டுக்குள் வந்தது. ஒரு சேவல் அவரைப் பார்த்துவிட்டு, ஆர்வமில்லாமல் போனது. அவர் கல்லின் பக்கம் திரும்பிப் பார்ப்பதைக்கூட எப்போதோ நிறுத்தியிருந்தார்.

மூன்று மணி இருக்கும். வயிற்றில் யாரோ தட்டினார்கள்.

மறுபடியும் தட்டு. விரல்நகத்தால் தட்டுவது போல.

"அம்மா," என்றார். "அம்மா, யாரோ தட்டறாங்க."

தெய்வானை வந்து கம்பளிமேல் காது வைத்துக் கேட்டார்.

"ஆமா."

"திறந்து பாக்கட்டுமா?"

"கதவு அவங்க பக்கம்ல இருக்கு."

அவர் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் யாரையும் மணி கேட்கவில்லை.

*

வெயில் சாயும் நேரத்தில் தெய்வானை கோழியைக் கொண்டுவந்தார். இறகு காய்ந்து உப்பியிருந்தது. புது வைக்கோல் போட்ட கூடையில் விட்டார்.

கோழி நின்றது. சுற்றிப் பார்த்தது. கதவுப் பக்கம் இரண்டு எட்டு வைத்தது.

"கலைஞ்சிடுச்சு," என்றார் தாமோதரன்.

தெய்வானை சால்வையை அவிழ்த்தார்.

தாமோதரன் ஒன்றாம் எண்ணை வைத்தார். கோழி பார்க்கவில்லை. இரண்டு, மூன்று. பார்க்கவில்லை. நாலாம் எண்ணைக் கையில் எடுத்தபோது, ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மிகச் சின்னக் குரல்.

கோழி திரும்பியது. "க்ளுக்" என்றது.

உள்ளே இருந்தது பதில் சொன்னது.

அவர் அந்த முட்டையைக் கூடையில் வைக்கக் கோழி ஓடிவந்தது. மிச்சம் ஐந்தையும் வைக்கப்போன கையை ஒரு கொத்துக் கொத்திவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து, இறகை விரித்தது. தாமோதரன் அந்த ஐந்தையும் ஒவ்வொன்றாக அதன் அடியில் தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கொத்து விழுந்தது.

கையில் ரத்தம் துளிர்த்தது. அவர் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"இப்பப் போயிட்டு வாங்க, வாத்தியாரே," என்றார் தெய்வானை.

*

காலையில் அவர் கூட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். உள்ளே போகவில்லை.

வெயில் வந்ததும் கோழி தானாக எழுந்து வெளியே வந்தது. பின்னால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏழு குஞ்சுகள்.

இரண்டு முட்டைகள் பொரிக்கவில்லை. மூன்றும் எட்டும். அவற்றை உடைத்துப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எலுமிச்சைச் செடியின் அடியில் புதைத்துவிட்டுக் கையைக் கழுவினார்.

அப்போதுதான் கல்மேல் இருந்த பாட்டில் கண்ணில் பட்டது.

ராத்திரிப் பனியில் வெளியே நனைந்திருந்தது. உள்ளே மாவு கழுத்துவரை ஏறி, மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு நின்றது.

அடுப்படியிலிருந்து ரெஜினாவின் அலறல் கேட்டது.

"அக்கா! ஜாடி! ஜாடில ஒண்ணுமே இல்லக்கா!"

"ஏன்?"

"இருக்கறதப் போடுன்னீயளே, போட்டுட்டேன். பிசைஞ்சதும் ஒரு கைப்பிடி எடுத்து வைக்கது எப்பவும் நீங்கதானே? நேத்து நீங்க கோழியோட இருந்தீய. எனக்கு நெனப்பே வரல. அத்தனையும் சுட்டாச்சுக்கா. பதினெட்டு வருசத்து மாவுக்கா!"

அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

தாமோதரன் எழுந்து நின்றார். குஞ்சுகள் அவருடைய காலைச் சுற்றிக்கொண்டு போயின.

தெய்வானை அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். கையில் அந்த ஜாடி. கழுவித் துடைத்திருந்தது. அவசரமில்லாமல் முற்றத்தைக் கடந்து வந்து, அவர் எதிரில் நின்றார்.

ஜாடியை நீட்டினார்.

"பத்தாம் நம்பர்ல இருந்து ஒரு கைப்பிடி தருவீங்களா, வாத்தியாரே?"