பதினோரு நாள் மந்திரி பேசிய பேச்சு

தங்கப்பழம் அண்ணாச்சி பதினோரு நாள் மந்திரியாக இருந்தவர். மெஜாரிட்டி இல்லாத ஆட்சி. அது கவிழ்ந்து இருபது வருஷமாகியும், பேச்சிமுத்து சலூனில் ஷேவிங்குக்கு உட்கார்ந்துவிட்டால் அவர் இன்னும் பதவியில்தான் இருப்பார்.

"மொத்தமே எட்டு மந்திரி வே. எனக்கு மட்டும் ஏழு இலாகா. மின்சாரத்தைக் கையில எடுத்தேன் பாரும், சுவிட்சை அணைச்ச பிறகும் ஃபேன் அரை மணி நேரம் சுத்துச்சு."

"எங்க வீட்டுல சுத்தலையே," என்றார், பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ரைஸ்மில் செல்லையா.

"நீர் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவரு. மூணாம் நாள் பொதுப்பணித்துறை. ஒரே கையெழுத்து! மழையே இல்லாம அணை ரொம்பி, மிச்சத் தண்ணி வெளிய வரிசையில நின்னுச்சு."

"எந்த அணை?"

"கூட்டம் தாங்காம அணையை அப்புறம் எடுத்துட்டாங்க வே."

பேச்சிமுத்து கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "சிரிக்க வைக்காதீங்க அண்ணாச்சி, வெட்டிரும்."

"சிரிக்கிற விஷயமா? எட்டாம் நாள் நம்பிக்கை வாக்கெடுப்பு. எங்களுக்குப் பன்னெண்டு பேர் குறைச்சல். முதல்வர் என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. 'கட்சி மாறுறேன்னவங்க வந்து சேர்ற வரைக்கும் பேசிக்கிட்டே இரும் தங்கப்பழம்'னாரு. எந்திரிச்சேன். மூணு நாள் பேசினேன்."

"சோறு தண்ணி?"

"கமாவுக்கு ஒரு இட்லி, முற்றுப்புள்ளிக்கு ஒரு காபி. ஆரம்பிக்கும்போது மழுமழுன்னு இருந்த எதிர்க்கட்சித் தலைவருக்கு, முடிக்கும்போது தாடி மேசை மேல கிடந்துச்சு."

"வாறேன்னவங்க வந்தாங்களா?"

"ஒருத்தனும் வரலை. ஆனா எதிர்க்கட்சி மொத்தமும் தூங்கிருச்சு. சபாநாயகர் பார்த்தாரு. 'ஆம் என்போர் ஆம் என்க'ன்னாரு. எதிர்வரிசையில நூத்திப்பத்து பேரும் ஒண்ணா குறட்டை விட்டாங்க. ஆ...ம்! ஆ...ம்! கட்டடமே ஆடிப்போச்சு. உடனே 'இல்லை என்போர்'னாரு. அது மூச்சை உள்ள இழுக்கிற நேரம். சத்தமே இல்லை!"

செல்லையா பேப்பரை மடித்தார். "அப்போ ஜெயிச்சுட்டீரே. பிறகு ஆட்சி எப்படிக் கவுந்துச்சு?"

அண்ணாச்சியின் முகம் தொங்கிப்போயிற்று. "தீர்மானம் நிறைவேறியதுன்னு சொல்ல சபாநாயகர் வாயைத் திறந்தாரு. அந்த நேரம் பார்த்து ஒருத்தன் படபடன்னு கை தட்டிட்டான். அத்தனை பேரும் முழிச்சு 'இல்லை'ன்னு கத்திட்டாங்க."

"எந்தப் பாவி அவன்?"

"நான்தான் வே. எவ்வளவு அருமையான பேச்சு! வேற ஒருத்தருமே தட்டலையே."