அதிகாரி சாப்பிட்ட பன்றிச் சோறு

குவளைநாடு என்றொரு நாடு முன்பு இருந்தது. அதை ஆண்ட செம்பியத்தேவனுக்குக் காலையில் ஒரு நினைப்பு, மாலையில் ஒரு நினைப்பு. கடல் கடந்த நாட்டரசன் அவனுக்கு ஆறு வெள்ளைப் பன்றிகளைப் பரிசாக அனுப்பியிருந்தான். அவற்றைப் பார்த்துக்கொண்டவள் சடைச்சி.

அவள் தவிடு, உளுந்தம்பொட்டு, நறுக்கிய சர்க்கரைவள்ளிக் கொடி எல்லாம் கலந்து போடுவாள். அரசன் அவள் வேலையைப் புகழ்ந்தது அரண்மனைக் களஞ்சியத்தைப் பார்த்துக்கொண்ட உக்கிராண அதிகாரி நஞ்சுண்டருக்குப் பொறுக்கவில்லை. அரண்மனைப் பன்றிக்குக் குப்பையைப் போடுவது அரசருக்கே அவமானம் என்று சபையில் சொல்லிவைத்தார். அன்றே உத்தரவு பிறந்தது: இனிப் பச்சரிசிச் சோறும் நெய்யும்தான்.

இரண்டு மாதத்தில் பன்றிகளுக்கு வயிறு கல்லாக இறுகிவிட்டது. ஒன்றையொன்று கடித்துக் குதறின. சினையாக இருந்த மூன்றும் எழுந்து நிற்கவே சிரமப்பட்டன. சடைச்சி அவற்றின் வயிற்றைத் தடவியபடி தூக்கமில்லாமல் கிடந்தாள். நஞ்சுண்டரோ அவள் கவனிப்பு போதவில்லை என்றார். பத்து நாளில் பன்றிகள் தேறாவிட்டால் அவள் நாட்டை விட்டே போகவேண்டும் என்று அரசன் சொல்லிவிட்டான்.

சடைச்சி கும்பிட்டாள். "ஐந்து நாள் போதும் மகாராசா. ஒரே ஒரு வேண்டுதல். சோற்றில் குறையில்லை என்று எல்லாருக்கும் தெரியவேண்டும். அதனால் அதிகாரி ஐயாவும் அதே பானையிலிருந்து அதையே சாப்பிடட்டும். வேறு எதையும் தொடக்கூடாது."

நெய்ச்சோறுதானே என்று நஞ்சுண்டர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். முதல் நாள் ருசித்துச் சாப்பிட்டார். மூன்றாம் நாள் வாயிற்காவலனிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். ஐந்தாம் நாள் சபைக்கே வரவில்லை. ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவருக்கு ஆசனத்தில் உட்காரவும் முடியவில்லை.

என்ன உடம்புக்கு என்று அரசன் கேட்டான். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

சடைச்சிதான் பேசினாள். "ஐயா ஐந்து நாள்தான் சாப்பிட்டார் மகாராசா. பன்றிகள் இரண்டு மாதமாகச் சாப்பிடுகின்றன. ஐயாவுக்கு வாய் இருந்தும் சொல்லக் கூச்சம். அதுகளுக்கு வாயே இல்லை."

சபையில் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அரசன் சிரிக்கவில்லை. எழுந்து நேரே கொட்டிலுக்குப் போனான், சினைப்பன்றியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். பழைய தீனியையே போடச் சொன்னான். சடைச்சி கொஞ்சம் கொஞ்சமாகத் தவிட்டைக் கூட்டினாள், தண்ணீரும் நிறைய வைத்தாள். பன்றிகள் வயிறு நிறைந்து அமைதியாகப் படுத்தன. அந்த மாதமே மூன்றும் நலமாகக் குட்டி போட்டன.

கொட்டிலுக்குப் போன அன்றே, அரண்மனைத் தவிடு முழுவதும் இனிச் சடைச்சி பொறுப்பு என்று அரசன் அறிவித்திருந்தான். தினமும் அதைக் கொட்டிலுக்குச் சுமந்துபோய்க் கொடுப்பது நஞ்சுண்டர் வேலையானது. அவருக்கு என்ன மருந்து என்றும் அவளிடமே கேட்டிருந்தான். கீரையும் வாழைத்தண்டும் என்றாள்.

அன்று மதியம் அரசன் நெய்ச்சோறு பரிமாறிய தன் இலையிலும் இரண்டு கரண்டி கீரை வைக்கச் சொன்னான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.