சவரிமுத்து அழித்த கடிதம்

அருளானந்தம் முப்பத்திரண்டு வருஷம் ரயில் நிலைய விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்து பதில் சொன்னவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் "சார், மதுரை..." என்று வாயெடுப்பதற்குள், இந்தப் பக்கத்திலிருந்து "நாலாவது பிளாட்பாரம், இருபது நிமிஷம் லேட்" என்று வந்து விழும். யாரையும் ஒரு வாக்கியம் முழுசாகப் பேச விட்டதில்லை என்பதில் மனிதருக்குக் கொள்ளைப் பெருமை.

ஓய்வு பெற்ற பிறகு கேள்வி கேட்கக் கிளம்பினார். திருச்சியில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஷம்ஷாத் கடை வைத்திருந்தாள். கெட்டுப்போன கம்ப்யூட்டர்களிலிருந்து தொலைந்த ஃபைல்களை மீட்டுக் கொடுப்பது அவள் தொழில். அதைத் தனக்குக் கற்றுத் தரச் சொல்லிப் போய் நின்றார். அவளுக்கு வயது முப்பத்தொன்று, அவருக்கு அறுபத்தொன்று.

"எதுக்கு சார் இப்ப போய் இதெல்லாம்?"

"தெரிஞ்சுக்கணும் டீச்சர், அவ்வளவுதான்."

"டீச்சர்னெல்லாம் கூப்பிட வேணாம் சார், நான் வந்து..."

"சரி டீச்சர்" என்றார்.

உண்மைக் காரணத்தை அவர் சொல்லவில்லை. அவருடைய தம்பி சவரிமுத்து போன வருஷம் இறந்துபோனார். அண்ணனுக்கும் தம்பிக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அம்மா இறந்த அன்று மூண்ட சண்டை அது. என்ன சண்டை என்று யார் கேட்டாலும் அருளானந்தத்திடம் ஒரு பதில் தயாராக இருந்தது. தம்பியிடம் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

முதல் வருஷத் திருப்பலி முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தம்பி மனைவி ரெஜினா அவரிடம் வந்தாள்.

"மச்சான், உங்களுக்கு அவர் ஒரு கடுதாசி டைப் பண்ணினாரு. ரெண்டு நாள் உக்காந்து பண்ணினாரு. அப்புறம் என்ன நெனச்சாரோ, அனுப்பாம அழிச்சிட்டாரு."

அவ்வளவுதான் சொன்னாள். பழைய கம்ப்யூட்டரைக் கேட்டபோது மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அதை வேறொருவர் கையில் கொடுக்கவும் மனசு வரவில்லை. தம்பி தனக்கு எழுதியதைத் தனக்கு முன்னால் இன்னொருவர் படிப்பதா?

கடையில் அவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"அழிச்ச ஃபைல் எங்க போகுது டீச்சர்?"

ஷம்ஷாத் ஒரு வெள்ளைத் தாளும் பசையும் எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துக் கீழே இறங்கினாள். மாடிப்படி அடியில் ஒரு பெயர்ப்பலகை உண்டு. எந்த மாடியில் யார் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கும். தன் கடைப் பெயரின் மேல் தாளை ஒட்டி மறைத்தாள்.

"இப்ப மேல போய்ப் பாத்துட்டு வாங்க சார்."

அவர் மூட்டு வலியோடு இரண்டு மாடி ஏறினார். கடை இருந்தது. மின்விசிறிகூட சுற்றிக்கொண்டிருந்தது. இறங்கி வந்தார்.

"எல்லாம் அப்படியே இருக்கு டீச்சர்."

"பேரைத்தான் மறைச்சேன். கடை எங்க போகும்? காலியா இருக்குன்னு நெனச்சு வேற யாராவது வந்து..."

"புரிஞ்சிடுச்சு டீச்சர்! பேர்தான் போகுது, சரக்கு அங்கயே கெடக்கு!"

ஷம்ஷாத் தன் பாதி வாக்கியத்தை அப்படியே விட்டாள். பிறகு தாளைக் கிழித்துவிட்டு மேலே ஏறிப் போனாள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. மீட்பு வேலை நடக்கும் மேஜையில் கீபோர்டு கிடையாது. மவுஸ் மட்டும்தான். கீபோர்டு அலமாரிக்குள் இருக்கும். ரசீது எழுதும்போதுதான் வெளியே வரும்.

"ஏன் டீச்சர் இப்படி?"

"இந்த மேஜையில நாம படிக்கிற ஆளு சார். நமக்கு எழுத வேலையில்ல."

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்த டிஸ்க் வந்தாலும் முதலில் அதற்கு ஒரு முழு நகல். பிறகு மூலத்தை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மீதி வேலையெல்லாம் நகலில்தான். அருளானந்தம் மூன்று மாதம் இதைச் சலிக்காமல் செய்தார். அழிந்துபோன கல்யாணப் படங்களையும் ஒரு வக்கீலின் கட்டுக்கட்டான பத்திரங்களையும் மீட்டுக் கொடுத்தார். ஒவ்வொரு தரமும் குழந்தைபோல வியந்தார். எது கிடைக்கும், எது கிடைக்காது, பாதி கிடைத்தால் எந்தப் பாதி என்று கேள்வி மேல் கேள்வி. பதில் வரும்போது மட்டும் பாதியிலேயே புரிந்துவிடும்.

ஒரு புதன்கிழமை காலை ஷம்ஷாத்தின் மகள் பள்ளியில் பெற்றோர் கூட்டம்.

"மதியம் வந்துடுவேன் சார். கடையைப் பாத்துக்கங்க."

அவள் தலை மறைந்ததும், அருளானந்தம் தம்பியின் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி வைத்திருந்த டிஸ்க்கைப் பையிலிருந்து எடுத்தார். மூன்று மாதமாகத் தினமும் அது அவரோடு வந்து போய்க்கொண்டிருந்தது.

நகல் எடுக்க இரண்டு மணி நேரம் ஆகும். பன்னிரண்டு வருஷம் பொறுத்த மனிதருக்கு அந்த இரண்டு மணி நேரம் பொறுக்கவில்லை. படிக்கத்தானே போகிறோம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூலத்தையே மாட்டினார்.

டிஸ்க் நிறைய பாட்டு. சவரிமுத்து கோயில் பாடகர் குழுவில் இருந்தவர்; வருஷக்கணக்கான பதிவுகள் வழிய வழிய அடைத்துக்கொண்டிருந்தன. காலி என்று பேருக்கு ஒரு சின்ன இடம்தான் மிச்சம். அழித்த ஃபைல்களின் பட்டியலைத் தேடியபோது ஒன்றே ஒன்று வந்தது. தம்பி இருந்த கடைசி மாதத்துத் தேதி.  அதை அழுத்தினார்.

"அன்புள்ள அண்ணனுக்கு, சவரி எழுதிக்கொள்வது. அம்மா இறந்த அன்னிக்கு நடந்ததைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்..."

அருளானந்தத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பி என்ன கேட்கப் போகிறான் என்று அவருக்குத் தெரியாதா? பன்னிரண்டு வருஷமாக அந்தக் கேள்விக்குத்தானே மனசுக்குள் பதில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோனார். மீதியைப் படிக்காமலே கடிதத்தை மூடிவிட்டு, எழுந்து போய் அலமாரியைத் திறந்து கீபோர்டை எடுத்து வந்து மாட்டினார்.

"அன்புத் தம்பிக்கு" என்று ஆரம்பித்தார். நிறுத்த முடியவில்லை. டாக்டரை ஏன் தாமதமாகக் கூப்பிட்டார், தம்பிக்கு ஏன் முன்னாலேயே சேதி சொல்லவில்லை, அடக்கச் செலவை ஏன் தானே ஏற்றார் என்று ஒன்று விடாமல் எழுதினார். நாலு பக்கம் ஆனது. நியாயமெல்லாம் எழுதி முடித்துக் கடைசியில் மன்னிப்பும் கேட்டார். அது மனசாரக் கேட்டதுதான்.

எங்கே சேமிக்க என்று கம்ப்யூட்டர் கேட்டது. தம்பி கடிதத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று, தம்பியின் டிஸ்க்கைக் காட்டினார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டார். இனி நிதானமாகப் படிக்கலாம் என்று தம்பியின் கடிதத்தை மறுபடி அழுத்தினார்.

"அன்புத் தம்பிக்கு" என்று திறந்தது.

மூடிவிட்டுத் திறந்தார். மறுபடியும் அவர் எழுத்துதான் வந்தது.

ஷம்ஷாத் மதியம் வந்தபோது, அவர் திரையைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவள் கண் முதலில் கீபோர்டின் மேல் விழுந்தது. ஒன்றும் கேட்காமல் டிஸ்க்கின் வயரைப் பிடுங்கினாள்.

"யாருது சார் இது?"

சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் முடித்த பிறகும், இன்னும் ஏதாவது இருக்கிறதா என்பதுபோலச் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு கீபோர்டை அலமாரியில் வைத்துவிட்டு, நகல் எடுக்கப் போட்டாள்.

இரண்டு மணி நேரம் ஆனது. இருவரும் டீ குடித்தார்கள். 

நகல் முடிந்ததும் ஷம்ஷாத் அதில் தேடினாள். அவருடைய நாலு பக்கம் வரிசையாக ஓடியது. கடைசி முற்றுப்புள்ளியைத் தாண்டியும் அவள் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். கொஞ்ச தூரம் வெறும் குப்பை எழுத்து. அதற்கும் கீழே, பாதி வார்த்தையிலிருந்து, சில வரிகள் தெரிந்தன. அவள் அதைப் படிக்காமல் நாற்காலியை விட்டு எழுந்து, அவரை உட்காரச் சொன்னாள்.

"...ருக்கும். இந்த ஒண்ணுக்கு மட்டும் பதில் சொல்லுங்கண்ணே. ஆமாவா இல்லையான்னு சொன்னாப் போதும். மத்ததெல்லாம் நான் என்னிக்கோ மறந்தாச்சு. தம்பி, சவரி."

மூன்று தரம் படித்தார். நான்காவது தரம் ஒவ்வொரு எழுத்தாக, விரல் வைத்துப் படித்தார்.

"கேள்வி என்னன்னு இல்லையே டீச்சர்."

"இல்ல சார்."

"வேற எங்கயாவது தேடினா?"

"அது இருந்த இடத்துலதான் சார் உங்க பதில் இருக்கு."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது ஓயும்வரை அவர் பொறுத்திருந்தார்.

"இந்தக் கடைசி நாலு வரி மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"அந்த இடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே நீங்க எழுதி முடிச்சிட்டீங்க."

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். 

"நான் இன்னும் கொஞ்சம் கம்மியா எழுதியிருந்தா, எங்கேருந்து கெடச்சிருக்கும் டீச்சர்?"

"நீங்க எங்க நிறுத்தியிருந்தாலும் சரி, அங்கேருந்து தம்பி பேசியிருப்பாரு சார்."